கடலுக்கு ஒரு நியாயம், கரைக்கு ஒரு நியாயமா?

(திருகோணமலையில் தொழில்துறை அன்பர்களும் கமக்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்து. "இது எஞ்சினியர்மார் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விடயமல்லவா? நெல் விதைப்பவருக்கும் நியாயதுரந்தரருக்கும் இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை உண்டு. வெள்ளம் வரும் இரவில் யாருடைய குரல் யாருடைய காதில் விழும், யாருடைய குரல் விழாது என்பதைத் தீர்மானிக்கின்ற பொருள் இது. அதைத் தீர்மானிப்பவர்கள் நம்மைக் கேட்காமலே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். நாமும் கேட்காமலே இருந்துவிட்டோம்.

நம் துறைமுகத்தையே பாருங்கள். கொட்டியார்க் குடாவின் வாயிலில் ஒரு கப்பல் வருகிறது. உடைமையாளர் கிரேக்கர், கொடி பனாமாக் கொடி, மாலுமிகள் பிலிப்பைன்ஸ் தீவினர், கருவி ஜப்பானில் செய்தது. அந்தக் கப்பலில் தீப்பற்றினால், மாலுமி ஒருவன் 16ஆம் அலைவழியை, அதாவது 156.8 மெகாஹேர்ட்சைத் திறந்து "மேடே" என்று மூன்று முறை கூவினாற் போதும். துறைமுக அலுவலகம் கேட்கும்; கடற்படைக் கலம் கேட்கும்; பக்கத்தில் போகும் வேற்று நாட்டுக் கப்பல் கேட்கும்; கருவி வைத்திருக்கும் மீன்பிடிக் கலமும் கேட்கும். 2020 செப்டம்பர் 3ஆம் திகதி நம் கிழக்குக் கடலில் 2,70,000 தொன் மசகெண்ணெயோடு 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் பற்றி எரிந்தபோது, இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பக்கம் பக்கமாக நின்று தீயை அணைத்தன. மாலுமி ஒருவர் மாண்டார். மற்ற 22 பேரும் பிழைத்தனர். சுமந்து வந்த மசகெண்ணெய் கடலிற் கொட்டாமல் தப்பியது. இரண்டு நாட்டுப் படைகள், பல நாட்டு மாலுமிகள். ஆயினும் கடலில் அவர்களுக்குப் பேச ஒரு பொது வழி இருந்தது.

இனி அதே தீ கரையிலே, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒன்றிலே பற்றியதாக வைத்துக்கொள்வோம். பொலிசுக்கு 119. அம்புலன்சுக்கு 1990. தீயணைப்புக்கு 110. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. நாலு எண், நாலு மேசை. தீயணைப்பு வீரன் அம்புலன்ஸ் சாரதியோடு பேசவேண்டுமானால், பெரும்பாலும் தன் சட்டைப்பையிலுள்ள சொந்தக் கைப்பேசியைத்தான் எடுக்க வேண்டும், அதே நேரத்தில் ஊரே கைப்பேசியை எடுத்து "என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்நியர் ஆளுக்காள் பேசக் கடலில் வழி உண்டு. ஓர் ஊரார் தமக்குள் பேசக் கரையில் வழி இல்லை. கடலுக்கு ஒரு நியாயம், கரைக்கு ஒரு நியாயமா?

கடலுக்கு அந்த நியாயம் சும்மா வந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது கம்பியில்லாத் தந்தி மார்க்கோனிக் கம்பெனியின் கையில் இருந்தது. தன் கருவி இல்லாத கப்பலோடு பேசக்கூடாது என்று அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தது. எதிரே வருவது யார் என்றல்ல, யாருடைய பெட்டி என்று பார்த்தே மறுமொழி சொன்னார்கள்! இதைப் பொறுக்கமாட்டாமல் 1903இலும் 1906இலும் பெர்லின் நகரில் நாடுகள் கூடின. எந்தக் கம்பெனியின் கருவியானாலும் கரை நிலையமும் கப்பலும் செய்தி மாற்றிக்கொள்ளவே வேண்டும் என்று 1906ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. கம்பெனியின் இலாபத்தைவிட மனித உயிர் பெரிது என்று எழுதப்பட்ட முதல் தொழில்நுட்ப நியமங்களுள் அது ஒன்று என்றே சொல்லவேண்டும். அதன் பிறகும் 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது, அருகே நின்ற 'கலிபோர்னியன்' கப்பலின் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போயிருந்தார். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டபின்தான், கருவி இருந்தாற் போதாது, காதும் விழித்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 1986 ஏப்ரல் 20, விடியற்காலை 3 மணியளவில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே மாண்டனர். வயலும் வீடும் போன கதையை இங்கே இருக்கும் முதியவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். கட்டு உடையப்போவதை முன்கூட்டிச் சொல்லத் தவறியது ஒரு குறை. உடைந்த கணத்திலிருந்து தண்ணீர் கீழ் ஊரை அடைவதற்குள் கட்டின் மேல் நிற்பவன் கீழே படுத்திருப்பவனை எழுப்ப வழி இல்லாமற் போனது வேறொரு குறை. நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

2004 டிசம்பர் 26. சுமாத்திராக் கரைக்கப்பால் நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை 7 மணிக்குச் சற்று முன். அலை கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. நம் ஊர்களும் கல்முனையும் அடிபட்டன. அப்பொழுது ஹிக்கடுவைக்கு அருகிலுள்ள பெரலியவில் அலை வரவில்லை. கொழும்பிலிருந்து புறப்பட்ட புகைவண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கிழக்கு அடிபட்டு அரை மணி நேரத்துக்கு மேல் கழிந்தபின், 9.30 மணியளவில் அந்த வண்டி பெரலியவில் அலைக்குள் அகப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். அன்பர்களே, இதை ஆறுதலாக எண்ணிப் பாருங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் வீழ்ந்த பேரிடியின் செய்தி ஒரு சிக்னல் கம்பத்தை எட்டியிருந்தால், தென்னிலங்கைச் சிங்களக் குடும்பங்கள் எத்தனையோ இன்று முழுமையாக இருந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லக் கிழக்கிற்கு வழியில்லாமற் போனதன் விலையைத் தெற்கும் கொடுத்தது. இதில் தமிழன் நட்டம், சிங்களவன் நட்டம் என்று பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்நாளில் கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை, 2009இல்தான் வந்தது. படகுப்பாதையும் இல்லை, தொலைபேசியும் இல்லை என்றால் ஓர் ஊர் தீவாகிவிடுகிறது. சோகத்திலும் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். அனர்த்த காலத்தில் எந்த நாட்டிலிருந்தும் செய்திக் கருவிகளைத் தடையின்றிக் கொண்டுவர வகைசெய்யும் தம்பேரே உடன்படிக்கை 1998இல் எழுதப்பட்டது. இலங்கையும் அதை ஏற்ற நாடு. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8ஆம் திகதி. அலை வந்து 13 நாள் கழித்து!

இது ஏழை நாட்டுக் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயோர்க்கில், கட்டடம் நிலைக்காது என்று பொலிஸ் ஹெலிகொப்டரிலிருந்து வந்த எச்சரிக்கையைப் பொலிசார் தம் கருவியிற் கேட்டனர். தீயணைப்புப் படையின் கருவி வேறு. அந்தக் குரல் அதில் வரவில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர் 343 பேர். பணமும் கருவியும் குவிந்து கிடந்த நகரம் அது. இல்லாதது பொது நியமம் ஒன்றுதான். அந்தப் பாடத்தைச் சட்டமாக்க அமெரிக்காவுக்கு 2012 வரை சென்றது. 700 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் 20 மெகாஹேர்ட்சை மக்களைக் காக்கும் சேவைகளுக்கென ஒதுக்கி, 700 கோடி டொலரையும் தந்து, நாடு முழுவதற்கும் ஒரே அகலப்பட்டை வலையமைப்பை அமைக்க அச்சட்டம் வழிசெய்தது. தென்கொரியா 2014இல் 'செவோல்' கப்பல் விபத்தில் 304 உயிரை, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை, இழந்தபின் விழித்து 2021இல் தன் வலையமைப்பை நாடெங்கும் முடித்தது. பிரித்தானியா 2015இல் தொடங்கியது, இன்னும் இழுபடுகிறது. பழைய டெற்றா வலையமைப்பையே அங்கே பணம் கொட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நியமம் என்பது யாது? முன்னாளில் பொலிசும் தீயணைப்புப் படையும் வைத்திருந்த கருவிகள் பெரும்பாலும் குரலையே கொண்டு சென்றன. ஐரோப்பாவின் டெற்றாவும் அமெரிக்காவின் பி25உம் அத்தகையன. ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. பின்னர் உலகக் கைப்பேசிகளுக்கெல்லாம் நியமம் எழுதும் 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பு, நான்காம் தலைமுறைக் கைப்பேசி முறையிலேயே அனர்த்தச் சேவைக்கான விதிகளைச் சேர்த்தது. தன் 12ஆம் வெளியீட்டில் ஒருவர் பேசப் பலர் கேட்கும் குழுப்பேச்சுக்கும், கோபுரம் இல்லாமற் கருவிக்குக் கருவி நேரே பேசுவதற்கும் வழி வகுத்தது. 2016இல் வந்த 13ஆம் வெளியீடு, பொத்தானை அழுத்தியதும் குழு முழுவதும் கேட்கும் பேச்சுமுறையை நியமமாக்கியது. அடுத்த வெளியீட்டில் படமும் தரவும் சேர்ந்தன. வெள்ளத்தின் உயரத்தைப் படமெடுத்து வைத்தியசாலைக்கும் நீர்ப்பாசன எஞ்சினியருக்கும் ஒரே நொடியில் அனுப்பலாம் என்பது இதன் பொருள். எந்த நாட்டுக் கம்பெனி செய்த கருவியானாலும், நியமத்தின்படி செய்திருந்தால் மற்றதோடு பேசும். 1906இல் பெர்லினில் கப்பலுக்குச் சொன்னதையே இப்போது அம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கமக்காரப் பெருமக்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் எளிதில் விளங்கும். அலைவரிசை என்பது வாய்க்கால். எல்லோரும் ஒரே நேரத்தில் மடை வெட்டினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அதனாற்றானே வட்டவிதானை முறை வைத்துத் திறக்கிறார்? கைப்பேசி வாய்க்காலிலும் முறை வைக்கலாம். இந்த ஏற்பாடு புதிதன்று. உங்கள் கையிலுள்ள சிம் அட்டையிலேயே அதற்கு இடம் உண்டு. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு வகுப்பு எண் எழுதப்படுகிறது. பொதுமக்களுக்கு 0 முதல் 9 வரை. 12 பாதுகாப்புச் சேவைக்கு. 13 நீர், எரிவாயு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைக்கு. 14 அவசர சேவைக்கு. நெரிசல் மிகும்போது பொதுமக்கள் வகுப்புகளைச் சற்றே மறித்து, 14ஐயும் 13ஐயும் போகவிடக் கோபுரத்துக்குக் கட்டளையிடலாம். மதகு திறப்பவரும் அம்புலன்ஸ் சாரதியும் அம்மாதிரி அட்டை வைத்திருந்தால், ஊரே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் அவர்கள் அழைப்புக்கு வழி கிடைக்கும். இதற்குப் புதுக் கோபுரம் வேண்டாம், புது வாய்க்கால் வெட்டவும் வேண்டாம். முறை வைத்தாற் போதும். நம் மாவட்டத்தில் எத்தனை நீர்ப்பாசன உத்தியோகத்தரின், எத்தனை தாதிமாரின், எத்தனை கிராம உத்தியோகத்தரின் அட்டையில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் மறுமொழி பெறுவது நம் உரிமை.

ஆனால் கோபுரமே சாய்ந்துவிட்டால்? 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டைப் புரட்டியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மகாவலி பெருகியது, மாவிலாற்றுக் கட்டு உடைந்து மூதூர்ப் பக்கத்து ஊர்கள் வெள்ளத்துக்குள்ளாயின. மின்சாரம் நின்றதும், ஒளிநார் வடங்கள் அறுந்ததும் சேர்ந்து பல மாவட்டங்களில் கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. கோபுரத்தைக் காற்றுத் தள்ளியது சில இடங்களில். மின்கலம் தீர்ந்தது பல இடங்களில் என்பதை மறவாதீர்கள். பெரு வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு கோபுரம் தன்னைச் சுற்றியுள்ளவர்களையேனும் இணைத்துத் தனியாக இயங்குவதற்கும் 13ஆம் வெளியீட்டில் விதி இருக்கிறது. எத்தனை மணி நேரம் மின்கலம் தாங்கவேண்டும் என்பதை அரசு உரிமப் பத்திரத்தில் எழுதினால் கம்பெனி செய்தே தீரும். எழுதாவிட்டால் எந்தக் கம்பெனியும் தானாகச் செய்யாது. கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று ஒன்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்திருக்கிறதே, அது எதற்கு?

கொரியா கட்டியதைப் போல நாமும் தனி வலையமைப்புக் கட்டவேண்டும் என்று யாரேனும் மேடையில் முழங்கினால் கை தட்டாதீர்கள் என்பது நம் எண்ணம். கடன் தீர்க்க அல்லாடும் நாட்டுக்கு அது ஆகாது. ஆகும் என்று தொடங்கினால் பிரித்தானியாவைப் போல் நடுவழியில் நிற்போம். இருக்கின்ற கைப்பேசி வலையமைப்புகளில் முறை வைப்பது, மலைப்பாங்கான இடங்களிலும் கரையோரத்திலும் பழைய குரற் கருவிகளை அழியவிடாமல் வைத்திருப்பது, இரண்டையும் இணைக்கும் பெட்டி ஒன்றை மாவட்டச் செயலகத்தில் வைப்பது. இவ்வளவே நம் வசதிக்கேற்றது. தொலைக்காட்சியை எண்மமுறைக்கு மாற்றும் வேலை நெடுங்காலமாக இழுபடுகிறது. அது முடியும் நாளில் விடுபடும் 700 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒன்றும் விடாமல் ஏலத்தில் விற்றுத் தின்றுவிடாதீர்கள், ஒரு துண்டை உயிர்காக்க வையுங்கள் என்று இப்பொழுதே சொல்லிவைக்க வேண்டும். 2015இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, 694 முதல் 894 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இதற்கு இடம் ஒதுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த அலை தூரம் போகும். குறைந்த கோபுரத்தோடு வயல்வெளி முழுவதும் எட்டும். ஆகையாற்றான் கம்பெனிகளுக்கும் அதன்மேல் ஆசை.

இனி மொழிக்கு வருவோம். டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்தது, சில வேளை வரவே இல்லை என்ற முறைப்பாடு எழுந்தது. 1987இலிருந்து அரசியலமைப்பின்படி தமிழும் ஆட்சிமொழி. அதைப் பற்றிய சண்டையை இன்னோர் கூட்டத்துக்கு வைப்போம். இங்கே சொல்லவேண்டியது, இந்தக் குறைக்கும் தொழில்நுட்ப நியமத்தில் மருந்து இருக்கிறது என்பதே. பொது எச்சரிக்கை வரைமுறை என்று ஒன்று உண்டு. 2007இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. அதன்படி எழுதும் ஒரே எச்சரிக்கைக்குள் சிங்களத்துக்கு ஒரு கூறு, தமிழுக்கு ஒரு கூறு, ஆங்கிலத்துக்கு ஒரு கூறு வைக்கலாம். மூன்றும் ஒன்றாகவே புறப்படும். ஆழிப்பேரலைக்குப் பின் சர்வோதயமும் லேர்ன்ஏசியா நிறுவனமும் 32 கிராமங்களில் இதைப் பரீட்சித்தும் பார்த்திருக்கின்றன. தமிழ்க் கூறு வெறுமையாக இருந்தால் எச்சரிக்கையே வெளியேறாது என்று மென்பொருளில் ஒரு வரி எழுதுவது பெரிய காரியமன்று. மொழிபெயர்ப்பாளர் உறங்கப் போய்விட்டார் என்ற சமாதானம் 'கலிபோர்னியன்' தந்தியாளரோடு முடிந்திருக்க வேண்டும்.

சின்ன விடயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழ்க் குறியீடு 70தான் அடங்கும். 'திருகோணமலை' என்ற பெயர் ஒன்றே அதில் 10ஐ விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதி அப்படியே பெயர்த்தால் செய்தி இரண்டாகப் பிளந்து, பின்பாதி முந்தி வரும். ஆகவே தமிழ் எச்சரிக்கையைத் தமிழில் சிந்தித்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்: எந்த ஊர், எந்தப் பக்கம் ஓடுவது, எப்பொழுது. இதைச் செய்ய எஞ்சினியர் வேண்டாம். நம் பள்ளிக்கூட ஆசிரியர்கள் போதும்.

பெயரும் நியமந்தான். நகருக்கு மேற்கே வெந்நீர் ஊற்றுள்ள கன்னியா. தெற்கே குடாவுக்கப்பால் கிண்ணியா. தமிழ் அறியாத ஒருவர் இரைச்சல் மிகுந்த கருவியில் ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு கேட்கும்? அம்புலன்ஸ் வடக்கே திரும்பினால் தெற்கே இருக்கும் நோயாளியின் கதி என்ன? கோடி ரூபாய்க் கருவியும் இதைத் திருத்தாது. மாவட்டத்து ஊர்கள், மதகுகள், பாலங்கள், இறங்குதுறைகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் எண் கொடுத்து, மும்மொழியிலும் ஒரே பட்டியலாக்கி, பொலிசுக்கும் அம்புலன்சுக்கும் கடற்படைக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கும் நில அளவையாளர்கள் மனம் வைத்தால் ஒரு மாரிக்கு முன் முடிக்கலாம்.

அந்தப் பெட்டி யார் கையில் இருப்பது என்ற கேள்வியையும் மறைக்காமற் பேசவேண்டும். கம்பியில்லாக் கருவி வைத்திருந்தாலே சந்தேகத்துக்கு ஆளான காலத்தை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. அந்த அச்சத்தால் இன்றும் பலர் கருவி என்றாலே கையை இழுத்துக்கொள்கிறார்கள். வெள்ளத்தில் கடற்படை வள்ளத்தோடு வந்து ஆட்களை மீட்டதை நாம் நன்றியோடு ஏற்கிறோம். எனினும் குழுப்பேச்சில் யாரை யாரோடு இணைப்பது என்று தீர்மானிக்கும் மேசை மாவட்டச் செயலாளரின் கீழ், குடிசார் உத்தியோகத்தர் கையில் இருக்கவேண்டும். மதகுக்காரரும், மீனவர் சங்கத்துப் பிரதிநிதியும், மூதூர் வைத்தியசாலைத் தாதியும் தயங்காமல் பேசக்கூடிய மேசையாக அது இருந்தாற்றான் பயன்.

இந்து சமுத்திர நாடுகள் சில ஆண்டுகளுக்கொருமுறை ஆழிப்பேரலை ஒத்திகை நடத்துகின்றன, இலங்கையும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமாகச் சங்கு ஊதுவார்கள், பிள்ளைகள் மேட்டுக்கு ஓடுவார்கள், படம் பிடிப்பார்கள். அடுத்த ஒத்திகையில் நாம் இன்னொன்றைக் கேட்போம். நகரத்துக் கோபுரம் ஒன்றின் மின்சாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தட்டும். கந்தளாய் மதகடியில் நிற்பவர் மூதூர் வைத்தியசாலையை அழைக்கட்டும்; தமிழில் அழைக்கட்டும். கிண்ணியாப் பாலத்தில் நிற்கும் பொலிசாரும், துறைமுகத்துத் தீயணைப்பு வண்டியும், 1990 அம்புலன்சும் அதே குரலைக் கேட்கின்றனவா என்று நம் பிரதிநிதிகள் கடிகாரத்தோடு நின்று எழுதிக்கொள்ளட்டும். எத்தனை நிமிடம் சென்றது, எந்த இடத்தில் குரல் நின்றது என்பதை மறுவாரமே வெளியிடட்டும்.

இதற்கான விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறோம். மாவட்டச் செயலாளருக்கு ஒன்று, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு ஒன்று. கமக்கார அமைப்புகளின் தலைவர்களும் சங்கச் செயலாளர்களும் போகுமுன் வாசித்துப் பார்த்து, ஏதும் விட்டிருந்தால் சேர்த்துக் கையொப்பமிடும்படி கேட்டுக்கொள்கிறோம். சிம் அட்டை வகுப்பைப் பற்றிய கேள்வி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.